சொந்த வீடு இல்லாதோர் பட்டியல்

"1981 பெப்ரவரி 17, செவ்வாய். அஸர் தொழுகைக்குப் பின் பள்ளவெளிப் பக்கம் போனேன். சிவப்பு மை பூசிய முளைக்கட்டைகள் அடித்திருக்கிறார்கள். எண்ணிக்கை இருபத்தாறு. அடித்தவர் யார் என்று தெரியவில்லை."

என் குறிப்புப் புத்தகத்தில் அன்றைய பக்கத்தில் இவ்வளவுதான் இருக்கிறது. பள்ளவெளி என்பது எங்கள் ஊருக்கு மேற்கே, வீடுகள் முடிந்து வயல் வட்டைகள் தொடங்குவதற்கு இடையில் கிடந்த தாழ்ந்த நிலம். கோடையில் மாடு மேயும். மாரியில் வயல்களிலிருந்து வடியும் தண்ணீர் முழுவதும் முதலில் அங்கே வந்து தேங்கும். பிறகு தோணா வழியாக மெதுவாகக் கடலுக்குப் போகும். தோணா என்று நாங்கள் சொல்வது ஊரின் ஓரமாக ஓடும் நீண்ட வடிகாலை. மழை கூடிய நாட்களில் அதன் வாயை அடைத்திருக்கும் கடற்கரை மணலை ஆட்கள் மண்வெட்டியோடு போய் வெட்டிவிடுவார்கள். கல்முனையிலிருந்து சைக்கிளில் அரை மணித்தியாலத் தூரத்தில் இருந்த சின்ன ஊர் எங்களுடையது. பள்ளவெளி நிறையும் வரைக்கும் ஊருக்குள் தண்ணீர் வராது. இதை எல்லோரும் அறிந்திருந்தார்கள். தேதியோடு எழுதி வைத்திருந்தவன் நான் ஒருவன்தான்.

நான் அந்த ஊரில் பிறந்தவன் அல்ல. சவளக்கடைப் பக்கத்து வயற்காரரின் மகன். 1974இல் மாப்பிள்ளையாக வந்தேன். எங்கள் கிழக்குக் கரையில் கல்யாணம் முடித்த ஆண்தான் பெண்ணின் வீட்டுக்குப் போவான். பெண்ணைப் பெற்றவர்கள் வீட்டைக் கட்டி, காவின் என்னும் கல்யாண ஒப்பந்தம் எழுதும் நாளில் அதை அவளுக்கே கொடுத்துவிட்டு, அதே வளவின் பின்பக்கத்தில் சின்னதாக ஒன்றைப் போட்டுக்கொண்டு ஒதுங்குவார்கள். என் மாமாவும் மாமியும் அப்படித்தான் ஒதுங்கினார்கள். நான் ஒரு சைக்கிளோடும், புத்தகங்கள் நிறைந்த ஒரு தகரப் பெட்டியோடும் முன்வீட்டுக்கு வந்தேன். பாடசாலையில் எழுதுவினைஞர் வேலை. மாலையில் கல்முனை நூலகம். பழைய நிர்வாக அறிக்கைகளில் வெள்ளைக்கார அரசாங்க அதிபர்கள் மழையையும் கால்நடை நோயையும் நாள்வாரியாக எழுதி வைத்திருந்ததைப் படித்துத்தான் எனக்கும் அந்தப் பழக்கம் வந்தது. ஒவ்வொரு மாரியிலும் பள்ளவெளி ஓரத்துத் தென்னை ஒன்றில் தண்ணீர் ஏறிய மட்டத்துக்கு ஆணி அடித்து, நிலத்திலிருந்து நாடா பிடித்து அளந்து எழுதுவேன். நாடாவின் மறு நுனியை என் மனைவி பிடிப்பாள். "இந்தத் தண்ணிக்கு வயசு கேட்டு என்ன செய்யப் போறீங்க?" என்று அவள் ஒவ்வொரு வருஷமும் கேட்டாள். நான் ஒவ்வொரு வருஷமும் அளவைக் குறித்துக்கொண்டேன்.

1978 நவம்பரில் அடித்த புயல் எங்கள் கூரையைக் கொண்டுபோனது. ஓடு தேடி, மரம் தேடி அதைத் திருத்தி முடிக்க அடுத்த வருஷம் பாதி போய்விட்டது. கூரை முடிந்து மூன்றாம் மாதம் அவள் காய்ச்சலில் மவுத்தானாள். பிள்ளைகள் இல்லை. அந்த மாரியில் நான் நாடாவின் மறு நுனியை ஒரு கல்லில் கட்டித்தான் அளந்தேன்.

என் நிலைமையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வீடு மனைவியுடையது. அவளுக்குப் பின் அவளுடைய தங்கைக்கு. தங்கைக்கு அப்போது பதினைந்து வயது. அவளுக்குக் கல்யாணம் பேசும் நாளில் நான் அந்த வீட்டை விட்டுப் போக வேண்டும். சவளக்கடையில் வாப்பாவின் வீடு என் தங்கையின் சீதனமாகப் போய் வருஷங்கள் ஆகியிருந்தன. இதை யாரும் என்னிடம் வாய்விட்டுச் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமைகளில் மாமி பின்வீட்டிலிருந்து சோற்றுத் தட்டை மூடிக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவார். மற்ற நாட்களில் ஒரு ஆளுக்கு அரிசி போட எனக்குக் கை வரவில்லை. மிஞ்சியதைக் கோழிக்குப் போட்டேன்.

முளைக்கட்டைகளைப் பற்றிய விபரம் மூன்றாம் நாள் கிராம சேவகர் மூலமாக வந்தது. வீடமைப்புத் திட்டமாம். பள்ளவெளியை மண் போட்டு நிரப்பி நாற்பது வீடு கட்டப்போகிறார்களாம். எங்கள் ஊருக்கு நாற்பது வீடு பெரிய எண்ணிக்கை. அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு ஆட்கள் கலையாமல் பள்ளிவாசல் முற்றத்தில் நின்றார்கள்.

"ஆமைக்குத்தான் ஊடு கட்டப் போறாங்க போல," என்றார் வயல் செய்யும் ஒரு கமக்காரர்.

"ஆமைக்கு ஊடு முதுகிலயே இரிக்கி," என்றார் பக்கத்தில் நின்றவர்.

சிரிப்பு அடங்கிய பிறகு ஒவ்வொருவராகச் சொன்னார்கள். நிரப்பினால் தண்ணீர் எங்கே போகும், கிணறுகள் என்னாகும், மாடுகளை எங்கே கட்டுவது, வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்து குடியேற்றினால் மவுத்தானவர்களை அடக்கும் மையவாடியில் இடம் போதுமா. பள்ளிவாசல் மரைக்கார், அதாவது ஒவ்வொரு தாய்வழிக் குடிக்கும் ஒருவராக இருந்த நிர்வாகிகளில் மூத்தவர், மகஜர் ஒன்று எழுதவேண்டும் என்றார். என் மாமா எழுந்தார்.

"நம்மட மருமகன்ட கொப்பிய வாங்குங்க. அவர் எழுதாட்டி இந்த ஊர்ல மழையே பெய்யல்ல எண்டுதான் அரசாங்கக் கச்சேரியில நினைப்பாங்க."

நக்கல்தான். ஆனால் அதில் ஒரு பெருமையும் இருந்தது. நான் மகஜரை எழுதினேன். ஏழு மாரிகளின் நீர்மட்டங்களைத் தேதியோடு சேர்த்தேன். அனுப்புமுன் பள்ளிவாசலில் எல்லோருக்கும் கேட்க வாசித்தேன். 1977 டிசம்பரில் பள்ளவெளியில் இடுப்பளவு தண்ணீர் ஒன்பது நாள் நின்றது என்ற வரிக்கு "ஓம், ஓம்" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. வீடு தேவையென்றால் வீதியோர மேட்டு நிலத்தில் சிறு தொகையாகக் கட்டித் தாருங்கள் என்று முடித்திருந்தேன். ஊர் முழுவதும் கையெழுத்துப் போட்டது.

ஏப்ரலில் பதில் வந்தது. உண்மையான தேவையைத் தீர்மானிப்பதற்காக, சொந்த வீடு இல்லாத குடும்பத் தலைவர்களின் பட்டியல் ஒன்றை இணைக்கப்பட்ட படிவத்தில் தயாரித்து அனுப்பும்படி காணி உத்தியோகத்தர் கேட்டிருந்தார். மரைக்கார் சந்தோஷப்பட்டார். ஊரில் வீடில்லாதவர்கள் மிஞ்சிப்போனால் ஐந்தாறு பேர் இருப்பார்கள், பட்டியலைப் பார்த்தால் நாற்பது வீடு எதற்கென்று அவர்களே விட்டுவிடுவார்கள் என்பது அவருடைய கணக்கு. வேலை எனக்கு வந்தது.

பதினொரு நாள் வீடு வீடாகப் போனேன். படிவத்தில் முதல் நிரல் குடும்பத் தலைவரின் பெயர். இரண்டாவது, அவர் பெயரில் சொந்த வீடு உண்டா, இல்லையா. ஒவ்வொரு வாசலிலும் அந்தக் கேள்வியை அப்படியே கேட்டேன். ஒரு மீன் வியாபாரி சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு சிரித்தார்.

"எண்ட பேரில ஊடா? சைக்கிள் ஒண்டுதான் இரிக்கி. ஊடு அவட."

கதவுக்குப் பின்னாலிருந்து அவருடைய மனைவியின் குரல் கேட்டது. "சைக்கிளும் எண்ட வாப்பா குடுத்ததுதான். அதையும் எழுதிக்கங்க காக்கா."

"இல்லை" என்று எழுதினேன். அடுத்த வீட்டிலும் இல்லை. அதற்கடுத்த வீட்டிலும் இல்லை. கேட்டது உண்மையான கேள்வி, கிடைத்தது உண்மையான பதில். எழுதும்போது எனக்கு ஒரு இடத்திலும் கை நிற்கவில்லை. எங்கள் கரையில் எந்த ஆணின் பெயரில் வீடு இருக்கிறது? பதினோராம் நாள் முடிவில் தொண்ணூற்று மூன்று பெயர்கள் இருந்தன. தொண்ணூற்று மூன்றுக்கும் எதிரே இல்லை. மரைக்காரும் வாசித்துப் பார்த்துச் சரியென்றார். பிழை எதுவும் அவர் கண்ணில் படவில்லை. என் கண்ணிலும் படவில்லை.

ஒரு பெயர் மட்டும் நான் எழுதவில்லை. என் முறை வந்தபோது பேனாவைத் திறந்துகொண்டு கொஞ்ச நேரம் இருந்தேன். அந்த ஊரில் பெண்ணின் வீடும் இல்லாத ஆண் நான் ஒருவன். இல்லை என்று நான் எழுதியிருந்தால் அதுதான் அந்தப் பட்டியலிலேயே முழு உண்மையான வரி. ஆனால் அப்படி எழுதினால் இந்த வீடு எனக்கு இல்லை என்று நானே கையெழுத்து வைத்ததாகும். பட்டியல் தயாரித்தவன் தன் பெயரைச் சேர்ப்பது முறையல்ல என்று மரைக்காரிடம் சொன்னேன். அவர் மெச்சினார்.

ஜூனில் காணி உத்தியோகத்தர் வந்து பாடசாலை மண்டபத்தில் கூட்டம் வைத்தார். வெளி மாவட்டத்துக்காரர். மெலிந்த, நல்ல மனிதர். பட்டியலை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

"நான் கன இடங்களில வேலை செய்திருக்கிறன். ஒரு ஆம்பிளைக்குக்கூட சொந்த வீடு இல்லாத கிராமத்தை இப்பதான் பாக்கிறன்," என்றார்.

அவர் குரலில் கேலி இல்லை, வருத்தம் இருந்தது. நாற்பது வீடு எப்படிப் போதும் என்று தன் மேலிடத்துக்கு எழுதிவிட்டதாகவும், எண்பதுக்கு மேல் அனுமதி கிடைக்கும் என்றும் சொன்னார். வீதியோர மேட்டில் அவ்வளவுக்கு இடமில்லை, ஆகவே பள்ளவெளிதான்.  அப்போதுதான் எனக்கு விளங்கியது. உண்மையை ஒரு வரியும் தவறாமல் எழுதி, முழுப் பொய்யாக ஒரு பட்டியலைக் கொடுத்திருந்தேன்.

எழுந்தேன். வீடுகள் உண்டு, பெண்களின் பெயரில் உண்டு என்று சொல்ல வாயெடுத்தேன். பக்கத்திலிருந்த மாமா என் சட்டையின் கீழ் ஓரத்தைப் பிடித்து இழுத்தார்.

"இரிங்க மருமகன்."

இருந்தேன். சுற்றிப் பார்த்தபோது முன்வரிசையில் மரைக்கார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு நான்கு பெண்பிள்ளைகள். அவருக்குப் பின்னால் இருந்தவருக்கு மூன்று. ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு வீடு கட்டி முடிக்க ஒரு தகப்பனின் ஆயுளில் பாதி போய்விடும். ஜும்ஆவுக்குப் பிறகு ஆமை என்று சிரித்தவர்கள் ஒருவரும் சிரிக்கவில்லை. யாரும் எதிர்த்தும் கதைக்கவில்லை.

வீட்டுக்கு நடந்து வரும்போது மாமா முதன்முறையாகத் தன் சின்ன மகளின் சீதன வீட்டு விஷயத்தைத் தொட்டார். என் முகத்தைப் பார்க்காமல், வேலியைப் பார்த்துத்தான் சொன்னார்.

"சின்னவளுக்கு அங்கால ஒண்டு கிடைச்சா, நீங்க இரிக்கிற ஊட்டுல நீங்க இரிக்கலாம் மருமகன். மறுகா ஒருத்தரும் ஒண்டும் கதைக்க ஏலா."

 அன்று மாலை நான் செய்ததைச் சொல்லவேண்டும். பட்டியலில் நேர்ந்த தவறை விளக்கி, வீடுகள் பெண்களின் பெயரில் இருக்கும் எங்கள் வழக்கத்தையும் எழுதி, நீர்மட்டங்களின் பிரதியையும் சேர்த்து உதவி அரசாங்க அதிபருக்கு ஒரு கடிதம் எழுதினேன். நாலு பக்கம். நல்ல பிரதியும் எடுத்தேன். தேதி போட்டேன். அனுப்பவில்லை. அடுத்த நாள் அனுப்பலாம் என்றும், பள்ளிவாசல் நிர்வாகத்தைக் கேட்டுவிட்டு அனுப்பலாம் என்றும் இருந்தேன். நிர்வாகத்தை நான் கேட்கவேயில்லை. அந்தக் கடிதம் இப்போதும் என்னிடம் இருக்கிறது. எனக்கு அந்த வீடு வேண்டியிருந்தது. சமையலறைச் சுவரில் அவள் சட்டியை வைத்து வைத்துக் கறுத்த இடம் அங்கே இருந்தது. கடிதம் போகாததற்கு வேறு காரணம் எதையும் நான் இதுவரை கண்டுபிடிக்கவில்லை.

1982 முழுவதும் ட்ராக்டர்கள் மண் கொண்டுவந்தன. பள்ளவெளியில் நின்ற தென்னைகளை வெட்டினார்கள். என் ஆணிகள் இருந்த மரமும் போயிற்று. 1983 மார்ச்சில் வீடுகளைக் கையளித்தார்கள். எண்பத்தெட்டு வீடுகள், ஒரே அளவு, ஒரே நிறம், வரிசை வரிசையாக. மாமாவுக்கு மூன்றாம் வரிசையில் ஒன்று விழுந்தது. அவர் அதைப் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டார். எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். மனைவியின் வீட்டில் இருப்பவன் எதற்குப் புது வீட்டுக்குப் போவான்? அவை மகள்மார் வளரும்வரை காத்திருக்கும் வீடுகள். வெளியூர் ஆட்கள் வந்து நிறைவார்கள் என்று பயந்திருந்தோம். ஒருவரும் வரவில்லை. எண்பத்தெட்டு கதவுகளும் பூட்டிக் கிடந்தன. விறாந்தைகளில் ஆடுகள் படுத்தன.

அந்த மாரியில் தண்ணீர் ஊருக்குள் வந்தது. பள்ளவெளியில் நிற்கவேண்டியது நிற்க இடமில்லாமல் பழைய வளவுகளுக்குள் திரும்பியது. மீன் வியாபாரியின் வீட்டில் அடுப்புக் கட்டு கரைந்து போனது. மரைக்காரின் கிணறு நிரம்பி வழிந்தது. மாமாவின் பின்வீட்டில் கணுக்காலளவு. நானும் மாமியும் நெல்மூடைகளை முன்வீட்டுக் கட்டில்மேல் ஏற்றினோம். புது வீடுகள் உயர்த்திய மண்ணில் இருந்தாலும் மண் இறுகாமல் அமர்ந்து, கீழ் வரிசைகளில் தண்ணீர் வாசற்படியைத் தாண்டியிருந்தது. ஒருவரும் என்னைக் குறை சொல்லவில்லை. கடிதத்தைப் பற்றி யாருக்கும் தெரியாது. "உங்கட கொப்பியில இருந்த மாதிரியே வந்திற்று தம்பி," என்று மரைக்கார் ஒருநாள் தெருவில் சொல்லிவிட்டுப் போனார். நான் வேலைக்குப் போகும் வழியை மாற்றிக்கொண்டேன்.

1984இல் சின்னவளுக்குக் கல்யாணம் பேசி வந்தார்கள். மாப்பிள்ளை சாய்ந்தமருதுப் பக்கம். பேச்சு நடந்த நாளில் நான் பாடசாலையில் இருந்தேன். இறந்துபோன மகளின் புருஷன் அந்தப் பேச்சில் இருப்பது அழகல்ல என்று நானே ஒதுங்கிக்கொண்டேன். மாலையில் மாமா முன்வீட்டுப் படியில் வந்து இருந்தார். நெடுநேரம் பீடியைப் பற்ற வைக்காமல் விரலில் வைத்துக்கொண்டிருந்தார்.

"அவங்க பள்ளவெளி ஊடு வேணாமாம் மருமகன். உங்கட மருமகன்தானே இடுப்பளவு தண்ணி நிக்கிது எண்டு பள்ளியில வாசிச்ச எண்டு கேக்காங்க. முன்ஊடுதான் வேணுமாம்."

"அவங்க சொல்றது சரிதானே மாமா," என்றேன்.

"சரிதான்."

"அப்ப நான் எங்க போற?"

அவர் இடுப்பிலிருந்த திறப்பை எடுத்துப் படியில் வைத்தார். "ஊடு எண்ட பேரிலதான் இரிக்கி. நீங்க இரிங்க. ஒருத்தரும் எழும்பச் சொல்ல மாட்டாங்க."

1984 செப்டெம்பர் 16, ஞாயிற்றுக்கிழமை, ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்து கல்யாணத்துக்கு முந்திய வாரம், இடம் மாறினேன். தகரப் பெட்டியையும் பத்து வருஷத்தில் சேர்ந்த புத்தகங்களையும் மாமா தானே கைவண்டியில் ஏற்றித் தள்ளிக்கொண்டு வந்தார். நான் தடுத்தும் கேட்கவில்லை. மூன்றாம் வரிசை வீட்டைத் திறந்து, ஆட்டுப் புழுக்கையைக் கூட்டி, ஜன்னலைத் திறந்துவிட்டுப் போனார். அவர் போன பிறகு வாசலில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தேன். என் வரிசையில் இருபத்திரண்டு வீடுகள். எனக்கு வலமும் இடமும் பூட்டுகள். முழுத் திட்டத்திலும் அன்றைக்கு ஆள் இருந்த வீடு என்னுடையது ஒன்றுதான்.

அங்கே நாலு மாரி இருந்தேன். ஒரு வீட்டில் அடுப்பு எரிந்தால் அந்தச் சத்தம் அடுத்த வீட்டுச் சுவரில் பட்டுத் திரும்பி வரும் என்பதை அங்கேதான் அறிந்தேன். பாங்கு சொல்லும் சத்தம் காற்று மாறினால் வராது. அந்த நாட்களில் கைக்கடிகாரத்தைப் பார்த்துத் தொழுதேன். கலவரங்கள் வந்த வருஷங்களில் ஆட்கள் கூட்டமாக இருக்க விரும்பினார்கள், யாரும் ஓரத்துக்குக் குடிவரவில்லை. வெள்ளிக்கிழமைத் தட்டு முதல் சில மாதங்கள் வந்தது. தூரம், மாமிக்குக் கால் வலி, பிறகு நின்றது. சின்னவளுக்குப் பிள்ளை பிறந்ததைப் பாடசாலையில் ஒரு ஆசிரியர் சொல்லித்தான் கேள்விப்பட்டேன். போய்ப் பார்த்தேன். சமையலறைக்கு வெள்ளை அடித்திருந்தார்கள்.

தண்ணீர் அளப்பதை விட்டுவிட்டேன். 1984க்குப் பிறகு அந்த நிரலில் எதுவும் இல்லை. மாமா 1986இல் மவுத்தானார். ஜனாஸாவைச் சுமந்தவர்களில் நானும் ஒருவன்.

இனிச் சொல்வது 1988 பெப்ரவரி 3, புதன்கிழமை நடந்தது. அக்கரைப்பற்றிலிருந்து கல்முனைக்கு வரும் பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் ஒரு வயதானவர் வந்து இருந்தார். சின்னவளின் மாப்பிள்ளைக்குச் சாச்சா, அதாவது சிற்றப்பா முறை. கல்யாணம் பேச வந்தவர்களில் அவரும் ஒருவர். சுகம் விசாரித்துவிட்டு, இப்போது எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டார். சொன்னேன். உங்கள் ஆட்கள் வேண்டாம் என்ற வீட்டில்தான் என்று கொஞ்சம் சிரித்தும் சொன்னேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"நாங்க ஊட்டப் பத்தி ஒண்டும் கதைக்கல்லையே தம்பி. பள்ளவெளி ஊடெண்டாலும் சரி எண்டுதானே வந்த. முன்ஊட்டத் தாறம் எண்டது உங்கட ஆக்கள்தான்."

உங்கள் ஆட்கள் என்றால் யார், மாமாவா மாமியா என்று கேட்டேன். அதற்குள் காரைதீவுச் சந்தியில் ஆட்கள் ஏறினார்கள். அவர் இடம் விட்டு எழுந்து ஒரு பெண்ணை இருக்கச் சொன்னார். முன்னால் தள்ளப்பட்டுப் போனார். சாய்ந்தமருதில் இறங்கும்போது கையை மட்டும் உயர்த்தினார்.

அவருக்கு அப்போது எழுபதுக்கு மேல் வயது. எத்தனையோ கல்யாணங்கள் பேசியவர். ஒன்றை இன்னொன்றோடு மாற்றி நினைத்திருக்கலாம். மாமா என்னிடம் சொன்னது அப்படியே நடந்ததாகவும் இருக்கலாம். இல்லையென்றால், மகளின் வீட்டில் தனியாக இருந்த ஒரு மருமகனை மனம் நோகாமல் எழுப்ப அவருக்குத் தெரிந்த ஒரே வழி என் கொப்பியையே காரணமாக்குவதாக இருந்திருக்கலாம். பேச்சு நடந்த அந்த அறையில் இருந்தவர்களில் மாமி இன்னும் உயிரோடு இருக்கிறார். நான் கேட்கவில்லை. முன்வீட்டைக் கேட்டது மாப்பிள்ளை வீட்டாரா, கொடுக்க முன்வந்தது எங்கள் வீட்டாரா என்பது இதை எழுதும்வரை உறுதி செய்யப்படவில்லை.